செய்தியும் நாடகமும் ஒரே அலைவரிசையில்: பி.பி.சி. ரேடியோ ஃபோரின் ஒரு நாள்

பிரிட்டனில் பி.பி.சி.யின் ரேடியோ ஃபோர் அதிகாலை ஐந்தரை மணிவாக்கில் தொடங்கி நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை ஒலிக்கிறது. அதன் பிறகு விடியும் வரை உலக சேவையின் ஒலிபரப்பு அதே அலைவரிசையில் வரும். இந்த நீண்ட நாளில் பாட்டுக்கு இடம் மிகக் குறைவு. விளம்பரம் அறவே இல்லை. மற்றதெல்லாம் பேச்சுதான்: செய்தி, நேர்காணல், சொற்பொழிவு, நூல் வாசிப்பு, நகைச்சுவை, நாடகம், வானிலை. 1939இல் போர் மூண்டபோது தொடங்கிய ஹோம் சர்வீஸ் என்ற நிலையம் 1967 செப்டம்பர் 30ஆம் தேதி ரேடியோ ஃபோர் என்று பெயர் மாறியது. பாப் இசைக்கென ரேடியோ ஒன் பிறந்ததும் அதே நாளில்தான். அன்று எல்லாருடைய கண்ணும் ரேடியோ ஒன் மீதே இருந்தது. பழைய தலைமுறையோடு முடிந்துவிடும் என்று பலர் நினைத்த பேச்சு நிலையத்தை இன்றும் வாரத்துக்கு ஏறத்தாழ 90 லட்சம் பேர் கேட்கிறார்கள்.

பேச்சு வானொலி எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது செய்தி, விவாதம், நேயர் அழைப்பு என்பதோடு நின்றுவிடுகிறது. காரணம் பணம். ஒரு தொகுப்பாளரும் நான்கு விருந்தினரும் இருந்தால் இரண்டு மணி நேர விவாதம் நடத்திவிடலாம். நாடகம் என்றால் எழுத்தாளர் வேண்டும், நடிகர்கள் வேண்டும், இயக்குநர், ஒலிப்பதிவாளர், ஒலி விளைவு செய்பவர், ஒத்திகை எல்லாம் வேண்டும். அதனால் செலவைக் குறைக்கத் தொடங்கும் நிலையம் முதலில் கைவைப்பது நாடகத்தில்தான். ரேடியோ ஃபோர் அதைக் கைவிடவில்லை. அந்த நிலையத்தின் செய்திக்கு இருக்கும் கனம், அதே நாளில் அதே அலைவரிசையில் நாடகமும் இருப்பதால் கூடுகிறது என்றும், நாடகத்துக்கு இருக்கும் உயிர்ப்பு செய்தியின் பக்கத்து வீட்டில் குடியிருப்பதால் வருகிறது என்றும் நான் கருதுகிறேன். நிகழ்ச்சி நிரலின் போக்கிலேயே ஒரு நாளைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

நாளின் தொடக்கத்தில் வருவது கடல் வானிலை. 1859 அக்டோபரில் வேல்ஸ் கரையோரம் புயலில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் உடைந்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சார்லஸ் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், அந்த விபத்தின் அதிர்ச்சியில் தந்தி வழியே துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை 1861இல் கொண்டுவந்தார். அதன் வாரிசுதான் 1925 முதல் பி.பி.சி. ஒலிபரப்பும் கப்பல் வானிலை அறிக்கை. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வடகிழக்கில் வைக்கிங்கில் தொடங்கி, கடிகாரச் சுற்றாக டாகர், தேம்ஸ், டோவர், பிஸ்கே, ஷேனன், ராக்கால் என்று வந்து தென்கிழக்கு ஐஸ்லாந்தில் முடியும். அவற்றுள் ஒரு பகுதிக்கு 2002இல் ஃபிட்ஸ்ராயின் பெயரையே வைத்தார்கள்.

அறிக்கையின் கட்டுக்கோப்பு கடுமையானது. மொத்தம் ஏறத்தாழ 350 சொற்கள். காற்றின் திசை, வேகம், கடலின் நிலை, மழை, பார்வைத் தெளிவு என்ற வரிசை மாறவே மாறாது. புயல்காற்று 'இப்போதே' என்றால் ஆறு மணி நேரத்துக்குள். 'விரைவில்' என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள். 'பிறகு' என்றால் அதற்கும் மேல். பார்வைத் தெளிவு 'நன்று' என்றால் ஐந்து கடல் மைலுக்கு மேல் தெரியும். 'மிக மோசம்' என்றால் ஆயிரம் மீட்டர்கூடத் தெரியாது. மீன்பிடிப் படகில் இரைச்சலுக்கு நடுவே பென்சிலால் எழுதிக்கொள்பவர் தவறாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக அறிவிப்பாளர் ஒரே சீரான வேகத்தில் படிக்கிறார். இன்று பெரும்பாலான படகுகளில் செயற்கைக்கோள் வழியே வரைபடமே வந்துவிடுகிறது. என்றாலும் கடலையே பார்க்காத லட்சக்கணக்கானோர் இதைக் கேட்கிறார்கள். இந்த அறிக்கையில் கருத்து இல்லை, வர்ணனை இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் உயிருக்காகத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற அக்கறை மட்டும் இருக்கிறது. பேச்சு வானொலியின் ஒழுக்கத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நிகழ்ச்சியும் காட்டவில்லை.

அடுத்து விவசாயச் செய்தி, பிறகு ஆறு மணிக்கு 'டுடே'. 1957 அக்டோபர் 28 முதல் வரும் இந்தக் காலைச் செய்தி நிகழ்ச்சி இன்று வார நாள்களில் மூன்று மணி நேரம் நீள்கிறது. அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள், வங்கித் தலைவர்கள் என்று அன்றைய அரசியலின் முக்கிய ஆள் காலை 8.10 மணிக்குப் பதில் சொல்ல உட்காருவார். நேரலை, வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை நாடே கேட்கும். மறுநாள் நாளிதழ்களின் தலைப்பு பல முறை அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பிறந்திருக்கிறது. அணு ஆயுதம் ஏந்திய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல்களின் தளபதிகள், தாய்நாடு அழிந்துவிட்டதா என்று உறுதிசெய்யப் பார்க்கும் அடையாளங்களில் ரேடியோ ஃபோர் ஒலிக்கிறதா என்பதும் ஒன்று என வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னெஸி எழுதியிருக்கிறார்.

நேரலைப் பேச்சின் ஆற்றலையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டிய நாள் 2003 மே 29. ஈராக் போர் நடந்து முடிந்திருந்த நேரம். ஈராக்கால் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்களை ஏவ முடியும் என்று பிரிட்டிஷ் அரசின் ஆவணம் ஒன்று சொல்லியிருந்தது. காலை 6.07 மணிக்கு நிருபர் ஆண்ட்ரூ கில்லிகன், கையில் எழுதிய பிரதி இல்லாமல், தன் வீட்டிலிருந்தபடி தொகுப்பாளர் ஜான் ஹம்ஃப்ரிஸோடு பேசினார். அந்தக் கூற்று தவறு என்று அனேகமாகத் தெரிந்தே அரசு அதைச் சேர்த்தது என்ற பொருள்பட ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது. ஏழரை மணிக்கு, எழுதிவைத்ததைப் படித்தபோது அந்தக் குற்றச்சாட்டு அதே கூர்மையோடு இல்லை. ஆனால் 6.07 மணிப் பேச்சைத் திரும்பப் பெற முடியவில்லை. செய்தியின் மூலமாக இருந்தவர் என்று அடையாளம் காணப்பட்ட ஆயுத வல்லுநர் டேவிட் கெல்லி ஜூலையில் இறந்து கிடந்தார். 2004 ஜனவரியில், அந்த மரணம் பற்றிய ஹட்டன் விசாரணை அறிக்கை பி.பி.சி.யைக் கடுமையாகச் சாடியது. தலைவர் கேவின் டேவிஸ், தலைமை இயக்குநர் கிரெக் டைக், கில்லிகன் மூவரும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள்.

ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கில்லிகன் எழுப்பிய ஐயத்தின் மையம் சரி. அதைச் சொன்ன விதத்தில், அரசு 'தெரிந்தே' செய்தது என்று ஏற்றிய சுமையை ஆதாரம் தாங்கவில்லை. வானொலி வரலாற்றில் சில விநாடிப் பேச்சுக்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்த நிகழ்ச்சி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது ஆண்டு கழித்து அதே நிகழ்ச்சி தன் வீட்டுக்குள்ளேயே திரும்பியது. பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த தவறான செய்தி ஒன்றுக்காக, 2012 நவம்பர் 10ஆம் தேதி காலை, ஹம்ஃப்ரிஸ் தன் நிறுவனத்தின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசலை நேரலையில் நிறுத்திக் கேட்டார்: நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் முன் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதென்றால் ஏன் தெரியாது, மறுநாள் காலையாவது ஏன் விசாரிக்கவில்லை? பதில்கள் திருப்தி தரவில்லை. அன்று இரவே என்ட்விசல் பதவி விலகினார். சம்பளம் கொடுக்கும் முதலாளியிடம், அவருடைய ஒலிவாங்கியிலேயே இப்படிக் கேட்கும் துணிச்சலை வேறெந்த ஊடக நிறுவனத்தில் பார்க்க முடியும்?

ஒன்பது மணி அடித்ததும் குரல் மாறுகிறது. வியாழக்கிழமை என்றால் 'இன் அவர் டைம்': மூன்று பேராசிரியர்கள், ஒரு பொருள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய. 1998இல் மெல்வின் பிராக் தொடங்கி 2025 வரை தானே நடத்திய இந்த உரையாடல் ஆயிரம் பகுதிகளைத் தாண்டியது. ஒரு வாரம் கருந்துளை, அடுத்த வாரம் அசோகர், அதற்கடுத்து ஏதாவது ஒரு கிரேக்க நாடகம். அன்றைய செய்தியோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்பதில் பிராக் பிடிவாதமாக இருந்தார். நேயருக்கு இது பிடிக்குமா என்று கேட்டு நடத்தியிருந்தால் இந்த நிகழ்ச்சி ஓராண்டுகூடத் தாக்குப்பிடித்திருக்காது. காலைச் செய்திக்காக வானொலியைப் போட்டவர், அணைக்கச் சோம்பல்பட்டு, தான் தேடிப் போயிருக்கவே மாட்டாத ஒரு பொருளில் மாட்டிக்கொள்கிறார். ஒரே அலைவரிசையில் எல்லாவற்றையும் வைப்பதன் முதல் பயன் இது. தேவையானதைத் தேடி எடுக்கும் இன்றைய இணையப் பழக்கத்தில், நாம் தேடாதது நம்மிடம் வருவதே இல்லை.

பத்து மணிக்கு 'உமன்ஸ் அவர்'. 1946இல் தொடங்கியபோது அதன் முதல் தொகுப்பாளர் ஆலன் ஐவிமி என்ற ஆண். பெண்களிடம் பெண்கள் பேசுவதைக் கேட்க ஒரு நிகழ்ச்சி தொடங்கி, அதை நடத்த ஓர் ஆணை அமர்த்திய காலம் அது. விரைவிலேயே அது மாறியது. பேசக் கூடாதவை என்றிருந்த உடல் சார்ந்த செய்திகளைப் பிரிட்டனின் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் இந்த நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. நண்பகல் தாண்டி ஒரு மணிக்கு 'தி வேர்ல்ட் அட் ஒன்'. 1965இல் வில்லியம் ஹார்ட்காசில் என்ற நாளிதழ் ஆசிரியரைக் கொண்டு தொடங்கியது. அதுவரை செய்தி என்றால் அறிவிப்பாளர் படிப்பது. இங்கேதான் பத்திரிகைக்காரரே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து செய்தியைக் குடைவது வழக்கமானது.

பிற்பகல் 2.15க்கு நாடகம். நிலையத்தின் மிக விலையுயர்ந்த முக்கால் மணி நேரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். என் கணக்கில் மிகச் சிறந்ததும் இதுவே.

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் பிரிட்டிஷ் நாடகம் 1924 ஜனவரி 15ஆம் தேதி லண்டனில் ஒலிபரப்பானது. நைஜல் பிளேஃபேர் கேட்டுக்கொள்ள, ரிச்சர்ட் ஹ்யூஸ் என்ற இளைஞர் எழுதினார். மேடை நாடகத்தை அப்படியே ஒலிவாங்கி முன் படித்தால் எடுபடாது, ஏனென்றால் நேயருக்கு எதுவும் தெரியாது. ஹ்யூஸ் அந்தக் குறையையே கதையாக்கினார். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கப் போன மூவர்; விளக்கு அணைந்துவிடுகிறது; இனி அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நேயர்களிடம் சொல்லப்பட்டது. பாத்திரங்களும் நேயரும் ஒரே இருட்டில். வானொலி நாடகத்தின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு தீர்மானத்தில் அடங்கியிருக்கிறது: கண்ணுக்குத் தெரியாததை ஈடுகட்ட முயலாதே, தெரியாமையிலிருந்தே கதையைத் தொடங்கு.

நாடக ஒலிப்பதிவுக் கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வீடு, பாதி தட்டுமுட்டுச் சாமான் அறை மாதிரி இருக்கும். மாடிப்படி ஒன்று இருக்கும், ஆனால் எந்த மாடிக்கும் போகாது; அதே படியில் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கம்பளம். யார் வீட்டில் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்து நடிகர் கால் வைக்கும் இடம் மாறும். தனியாக நிற்கும் ஒரு கதவில் நான்கைந்து வகைப் பூட்டும் தாழ்ப்பாளும். சரளைக்கல் நிரப்பிய தட்டு. இன்னொரு மூலையில், சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும் பொருள் போர்த்திய அறை; திறந்த வெளியில் எதிரொலி கிடையாது என்பதால் வயல்வெளிக் காட்சிகளை எல்லாம் அந்த அடைத்த அறையில்தான் பதிவு செய்கிறார்கள். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. பிரதி கையில் இருக்கும். தாள் புரளும் சத்தம் கேட்காமல் பக்கம் திருப்புவதே தனித்திறமை. தூரமாகப் போகிறவர் முகத்தைத் திருப்பி இரண்டடி பின்வாங்கினால் போதும், நேயர் காதில் அவர் தெருமுனைக்குப் போய்விடுவார். முக்கால் மணி நேர நாடகத்தைப் பெரும்பாலும் இரண்டே நாளில் பதிவு செய்து முடிக்கிறார்கள்.

இந்தக் கலை வானொலியை விட்டு வெளியேயும் பலன் தந்திருக்கிறது. 1957இல் சாமுவேல் பெக்கெட் பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசைக்காக 'ஆல் தட் ஃபால்' எழுதினார். கிழவி ஒருத்தி கிராமச் சாலையில் நடந்து ரயில் நிலையத்துக்குப் போய்த் திரும்புகிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாலையின் ஒலிகள் நிஜம் போல இருக்கக் கூடாது, அவள் மனத்துக்குள் கேட்பவை போல இருக்க வேண்டும் என்பது தேவை. கைவசமிருந்த இசைத்தட்டுகளால் அது முடியவில்லை. ஒலிநாடாவை வெட்டியும் வேகம் மாற்றியும் சோதனை செய்ததன் தொடர்ச்சியாக, 1958இல் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் டாஃப்னி ஓரமும் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கினார்கள். பிரிட்டனின் மின்னணு இசைக்கு வேர் அங்கேதான். உலகம் முழுக்கத் தெரிந்த 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசை 1963இல் அந்தக் கூடத்தில் பிறந்தது.

மாலை ஆறு மணிச் செய்திக்கு முன் பிக் பென் அடிப்பது பதிவு அல்ல. கோபுரத்தில் பொருத்திய ஒலிவாங்கி வழியே நேரடியாக வருகிறது. மற்ற மணிகள் பலவற்றுக்கு 1924 பிப்ரவரியிலிருந்து ஆறு 'பிப்' ஒலிகள்: ஐந்து குறில், கடைசியாக ஒரு நெடில், அந்த நெடில் தொடங்கும் கணமே சரியான நேரம். இணையத்தில் கேட்டால் பல விநாடி தாமதமாக வரும் என்பதால் இன்று அதை நம்பிக் கடிகாரத்தைத் திருத்த முடியாது. செய்தி முடிந்து ஆறரைக்கு நகைச்சுவை. ஏழு மணிச் செய்திச் சுருக்கம் முடிந்ததும், ஆர்தர் உட் 1924இல் இயற்றிய 'பார்விக் கிரீன்' இசை. 'தி ஆர்ச்சர்ஸ்' தொடங்கிவிட்டது.

உலகிலேயே மிக நீண்ட காலமாக ஒலிபரப்பாகும் தொடர் நாடகம் இது. 1950இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பினார்கள். நோக்கம் பொழுதுபோக்கு அல்ல. போர் முடிந்து ஆறாண்டு ஆகியும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு தீரவில்லை. விளைச்சலைக் கூட்ட வேண்டும். புதிய விதை, உரம், நோய்த்தடுப்பு பற்றி வானொலியில் எத்தனை சொற்பொழிவு ஆற்றினாலும் விவசாயிகள் கேட்பதாக இல்லை. பர்மிங்காமில் பி.பி.சி. கூட்டிய கூட்டமொன்றில் விவசாயி ஒருவர் எழுந்து, அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த துப்பறியும் தொடரான 'டிக் பார்ட்டன்' போல விவசாயத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார். சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். தயாரிப்பாளர் காட்ஃப்ரி பேஸ்லி மறக்கவில்லை. ஆம்ப்ரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம், ஆர்ச்சர் என்ற குடும்பம், விவசாய அமைச்சகத்தின் ஆலோசனை, நாள்தோறும் கால் மணி நேரம். மாட்டுக் கொட்டகைப் பேச்சுக்கு நடுவே தகவல் கசிந்து போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான அனுபவம் அல்ல. 1935இல் பி.பி.சி.யிலிருந்து இந்தியாவுக்கு வந்து ஒலிபரப்புத் துறையின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் லயனல் ஃபீல்டன். அகில இந்திய வானொலி அவர் காலத்தில்தான் அந்தப் பெயரைப் பெற்றது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி விடாமல் பேசியதன் விளைவாக, தஞ்சை விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். விதைக்கு வானொலியின் பெயரை வைத்த ஊர் உலகில் வேறெங்காவது இருக்குமா தெரியாது. ஆம்ப்ரிட்ஜ் செய்ய நினைத்ததைத் தஞ்சாவூர் செய்து காட்டியது.

விவசாயம் கற்பிக்கும் கடமை 1972இல் விலக்கப்பட்டது. அதற்கு வெகு முன்பே தொடர் தன் காலில் நின்றுவிட்டது. 1955 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, கொட்டகையில் பற்றிய தீயிலிருந்து குதிரையை மீட்கப் போன கிரேஸ் ஆர்ச்சர் இறந்துபோனாள். ஏறத்தாழ 2 கோடிப் பேர் கேட்டதாக மதிப்பிட்டார்கள். பி.பி.சி.யின் தொலைபேசிகள் ஓயவில்லை. பிரிட்டனின் முதல் விளம்பரத் தொலைக்காட்சியான ஐ.டி.வி. தொடங்கிய இரவும் அதுவே என்பதால், போட்டியாளரின் முதல் நாளை அமுக்கவே இந்த மரணம் என்று பேசப்பட்டது. கிரேஸாக நடித்த யிசான் சர்ச்மன் பல ஆண்டுகள் கழித்து வேறொரு காரணம் சொன்னார்: ஆண் நடிகர்களுக்குச் சமமான ஊதியம் கேட்டதால்தான் தன் பாத்திரம் முடிக்கப்பட்டது. நாட்டையே அழவைத்த அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு கூலிப் பிரச்சினை இருந்ததை இப்போதெல்லாம் நினைவுகூர்பவர் குறைவு, நினைவுகூர வேண்டும்.

தொடரின் வலிமை அதன் மெதுவான நடை. ஆம்ப்ரிட்ஜில் காலம் நம் காலத்தோடு ஒட்டி நகர்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் வந்தால் இங்கேயும் கிறிஸ்துமஸ். நார்மன் பெயின்டிங் 1950 முதல் 2009இல் இறக்கும் வரை பில் ஆர்ச்சராகவே வாழ்ந்தார். சோதனை ஒலிபரப்பிலேயே இருந்த ஜூன் ஸ்பென்சர் 2022இல் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 103. பதிவுகள் சில வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் நாட்டில் பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால், கடைசி நேரத்தில் ஒரு சிறு காட்சியைப் பதிவு செய்து சேர்த்துவிடுவார்கள். 2001இல் கால்நடைக் கோமாரி நோய் பிரிட்டனைப் பிடித்து ஆட்டியபோது எழுதிவைத்த கதையை மாற்றி, ஆம்ப்ரிட்ஜின் பண்ணை ஒன்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. செய்தியில் எண்ணிக்கையாகக் கேட்ட நோயை, நேயர்கள் மாலையில் ஒரு குடும்பத்தின் அச்சமாகக் கேட்டார்கள்.

செய்திக்கும் நாடகத்துக்கும் உள்ள இந்த உறவு முழுமையாக வெளிப்பட்டது ஆர்ச்சர் குடும்பத்துப் பெண்ணான ஹெலனின் கதையில். 2013இல் ராப் டிட்செனர் என்பவன் ஊருக்குள் வந்தான். அன்பானவன், அக்கறையுள்ளவன். ஹெலன் என்ன உடுத்த வேண்டும், யாரோடு பழக வேண்டும், கார் ஓட்டலாமா, வேலைக்குப் போகலாமா என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக அவன் கையில் எடுத்தான். பெரும்பாலும் அடி உதை இல்லை, குரல்கூட அரிதாகவே உயர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இது நாளுக்குப் பதின்மூன்று நிமிடமாக நகர்ந்தது. தொலைக்காட்சித் திரையில் இந்தக் கொடுமையைக் காட்டுவது கடினம், ஏனென்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. வானொலியிலோ கேட்பவரின் காதுக்குள் அந்த மென்மையான குரல் இருந்தது. வற்புறுத்திக் கட்டுப்படுத்தும் நடத்தையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாக்கிய சட்டம் 2015 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2016 ஏப்ரலில் ஹெலன் ராபைக் கத்தியால் குத்தினாள். செப்டம்பரில் நடுவர் குழு கூடிப் பேசும் ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதி ஒலிபரப்பானது, ஹெலன் விடுதலையானாள். கதை நடந்துகொண்டிருந்தபோதே நேயர்கள் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டித் தந்தார்கள். சட்டத்தின் வாசகத்தைக் காலைச் செய்தி சொல்லிவிடும். அந்த வாசகத்துக்குள் ஒரு பெண்ணின் காலைப்பொழுது எப்படி இருக்கும் என்பதை ஆம்ப்ரிட்ஜ் சொன்னது. இரண்டையும் கேட்டவர் அதே நேயர்.

2020இல் பெருந்தொற்றால் நடிகர்கள் ஒன்றுகூட முடியாமல் போனபோது, ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே தனிமொழியாகப் பதிவு செய்தார்கள். நேயர்கள் அதை விரும்பவில்லை. குரல்கள் பழகியவைதான், ஊரும் அதேதான். ஆனால் ஒருவர் பேச இன்னொருவர் குறுக்கிடாத, மௌனம் காக்காத, பெருமூச்சு விடாத ஆம்ப்ரிட்ஜ் அவர்களுக்கு ஊராகவே தோன்றவில்லை.

இரவு பத்து மணிக்கு உலகச் செய்தி அலசல், பத்தே முக்காலுக்குப் 'புக் அட் பெட்டைம்': ஒரு நாவலைச் சுருக்கி நாளுக்குக் கால் மணி நேரமாகப் படிப்பது, 1949 முதல் உள்ள வழக்கம். பதினொன்றரைக்கு நாடாளுமன்ற நடவடிக்கைகளின் தொகுப்பு. அது 1945 முதல் வருகிறது. நள்ளிரவுச் செய்திக்குப் பிறகு மறுபடி கடல் வானிலை, தேசிய கீதம்.

இந்த நிலையத்தின் மீது உள்ள குற்றச்சாட்டுகள் நியாயமானவை. நேயர்களில் பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். தெற்கு இங்கிலாந்தின் படித்த நடுத்தர வர்க்கத்துக் குரலே நெடுங்காலம் நாட்டின் குரலாக ஒலித்தது. 1941இல் வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் யார்க்‌ஷர் உச்சரிப்பில் செய்தி படித்தபோது எழுந்த எதிர்ப்பும், 2006இல் ஜமைக்கா உச்சரிப்புள்ள நீல் நூன்ஸ் அறிவிப்பாளரானபோது வந்த புகார்க் கடிதங்களும் ஒரே நோயின் அறிகுறிகள். நூன்ஸ் விலகவில்லை; நேயர்கள்தான் பழகிக்கொண்டார்கள். இன்னும் போக வேண்டிய தூரம் அதிகம்.

அதைவிடப் பெரிய கவலை நிதி. 1971இல் வானொலிக்கான தனி உரிமக் கட்டணம் ஒழிக்கப்பட்டது முதல், தொலைக்காட்சி வைத்திருப்போர் கட்டும் பணமே வானொலிக்கும் சோறு போடுகிறது. தொலைக்காட்சியே வேண்டாம் என்போர் பெருகப் பெருக, அந்த வருமானம் சுருங்குகிறது. சுருங்கும்போது கத்தி எங்கே விழும் என்று முதலிலேயே சொன்னேன். 2024இல் ரேடியோ த்ரீயின் ஞாயிறு நாடக வரிசையை நிறுத்துவதாக பி.பி.சி. அறிவித்தது. பெக்கெட்டுக்கு இடம் கொடுத்த மூன்றாம் அலைவரிசையின் நேர் வாரிசு ரேடியோ த்ரீ. இது தவறான முடிவு. நாடகத்தை வெட்டிச் சேமிக்கும் பணத்தில் இன்னும் நான்கு விவாத நிகழ்ச்சி நடத்தலாம். விவாதத்துக்கு இன்று பிரிட்டனில் பஞ்சமில்லை.

இந்தியாவிலிருந்து ரேடியோ ஃபோரை இணையத்தில் நேரலையாகக் கேட்கலாம். லண்டனின் பிற்பகல் 2 மணி நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அப்போது முந்தைய இரவின் 'ஆர்ச்சர்ஸ்' மறு ஒலிபரப்பு வரும். அது முடிந்ததும் முக்கால் மணி நேர நாடகம். சென்னை, திருச்சி நிலையங்களின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழகிய இடத்துக்குத் திரும்பியது போல இருக்கும். மற்றவர்கள் வார நாளில் ஒரு மாலை, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.